‘வேரி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவது எப்படி?

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். காகம் வந்த வேகத்தில் வாய் வைக்காது. முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும். தலையைச் சாய்த்து உங்களை ஒரு கண்ணால் அளக்கும். பிறகு சுவரின் கோடிக்கு வரும். ஒரு தத்து, ஒரு நிறுத்தம், இன்னொரு தத்து. சோற்றைக் கொத்தும்போதும் அதன் கண் உங்கள் கை மேல்தான் இருக்கும். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், பறந்துவிடும். ஆனால் ஒரேயடியாகப் போய்விடாது. ரெண்டு நிமிஷத்தில் திரும்ப வந்து உட்காரும்.

அந்தக் காகத்துக்குப் பயம் என்று சொல்ல முடியாது. பயந்திருந்தால் வந்தே இருக்காது. நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. நம்பியிருந்தால் உங்கள் கையிலிருந்தே வாங்கித் தின்றிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனநிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெயரடை இருக்கிறது. வேரி. டபிள்யூ, ஏ, ஆர், ஒய் என்று நான்கே எழுத்து. ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி தென்படும். இடத்தை அடைக்காத குட்டிச் சொல் என்பதால் தலைப்பு எழுதுகிறவர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

ஆங்கிலம் படித்தால் புரிகிறது, ஆனால் எழுதவும் பேசவும் போனால் கேர்ஃபுல் என்ற ஒரே சொல்தான் வாயில் வருகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் போவோம்.

முதலில் உச்சரிப்பு

சொல்லின் ஒலியிலேயே நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. பழைய தமிழில் வேரி என்றால் தேன், கள், நறுமணம். கள்ளுக்கும் உஷாருக்கும் ஏழாம் பொருத்தம் என்றாலும், அந்தச் சாக்கில் சொல் மனதில் நின்றால் சரி.

சிக்கல் முதல் எழுத்தில் இருக்கிறது. தமிழில் ஒரே வகரம். ஆங்கிலத்தில் இரண்டு. ‘வி’ என்ற எழுத்துக்கு மேல்வரிசைப் பல் கீழுதட்டைத் தொட்டாக வேண்டும். ‘டபிள்யூ’வுக்குப் பல்லுக்கு வேலையே கிடையாது. விசில் அடிக்கப் போவது போல உதட்டைக் குவித்து, உடனே விரிக்க வேண்டும். ‘உவேரி’ என்று ஆரம்பித்து அந்த ‘உ’வைப் பாதியில் விழுங்கிப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், இந்தச் சொல்லுக்கு வேண்டும். ‘மிகவும்’ என்ற பொருளில் நாம் தினமும் சொல்லும் வெரி இதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் வேரியை நெட்டுயிரோடு சொல்வதால் வேறுபாடு தெரிந்துவிடும். அமெரிக்கர்கள் அந்த உயிரையும் குறுக்கிவிடுவார்கள். அப்போது இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நீங்கள் பல்லை உதட்டில் வைத்து ‘ஐ ஆம் வெரி’ என்று நிறுத்தினால், எதிரில் இருப்பவர் ‘வெரி... என்ன?’ என்று அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

ஒலிக்குத் துணை வேண்டுமென்றால் ஸ்கேரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயமூட்டுவது என்று பொருள். இரண்டும் எதுகை போல ஒத்து ஒலிக்கும். எதிரில் இருப்பது ஸ்கேரி என்றால் பார்க்கிறவர் வேரி.

அகராதிப் பொருளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

எந்த ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினாலும் ‘எச்சரிக்கையான’ என்றுதான் போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் இந்தப் பொருளை அப்படியே மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். காரணம் நம் சொல்லில் இருக்கிறது. தமிழில் எச்சரிக்கை இரண்டு வேலை செய்கிறது. ‘புயல் எச்சரிக்கை’ என்றால் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது. ‘எச்சரிக்கையாக இரு’ என்றால் ஒருவர் தனக்குள் வைத்துக்கொள்வது. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. கொடுப்பது வார்னிங். உள்ளே வைத்துக்கொள்வதன் ஒரு வகைதான் வேரி.

இது தெரியாமல் ‘எச்சரிக்கைக் கடிதம்’ என்று நினைத்துக்கொண்டு ‘எ வேரி லெட்டர்’ என்று எழுதினால், கடிதமே சந்தேகக் கண்ணோடு மேஜை மேல் உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி வரும். கடிதத்துக்கும் பலகைக்கும் மணி ஓசைக்கும் வேரி ஆகத் தெரியாது. மனம் உள்ளவற்றுக்குத்தான் தெரியும். மனிதர், விலங்கு, மனிதர்கள் சேர்ந்த நிறுவனம், அரசு, சந்தை. அப்புறம், மனதைக் காட்டிக்கொடுக்கும் பார்வை, சிரிப்பு, பதில், மௌனம், குரல். இவ்வளவுதான் எல்லை.

அகராதிப் பொருளுக்குப் பதிலாக ‘இவரை, அல்லது இதை, முழுக்க நம்பிவிடாமல் ஓர் அடி தள்ளி நின்று பார்க்கிற’ என்று நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தாலும் தவறு வராது.

பங்காளிகளைப் பிரித்து வையுங்கள்

கேர்ஃபுல், காஷஸ், வேரி. மூன்றையும் தமிழில் ஜாக்கிரதை என்று ஒரே கூடையில் போட்டுவிடுவோம். ஒரே வீட்டில், ஒரே பாலை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம்.

கொதித்த பாலை அடுப்பிலிருந்து இறக்கிக் கொட்டாமல் எடுத்து வருகிறீர்கள். கவனம் முழுவதும் கையில் இருக்கிறது. இது கேர்ஃபுல். செய்யும் வேலையில் பிழை வரக்கூடாது, எதுவும் உடையக்கூடாது என்ற கவனம்.

பால் கெட்டுவிட்டதோ என்ற யோசனையில் முழுப் பாலையும் அடுப்பில் வைக்காமல், ஒரு டம்ளரை மட்டும் தனியாகக் காய்ச்சிப் பார்க்கிறீர்கள். திரியாவிட்டால் மற்றதையும் காய்ச்சலாம். இது காஷஸ். முடிவெடுப்பதில் நிதானம். நஷ்டம் வந்தாலும் சின்னதாக வரட்டும் என்ற கணக்கு.

பால்காரர் திடீரென்று ‘இனிமேல் அளக்க வேண்டாங்க, நானே வீட்டிலிருந்து அளந்து எடுத்து வந்துவிடுகிறேன்’ என்கிறார். நீங்கள் ‘சரி’ என்கிறீர்கள், ஆனால் அன்று முதல் பாத்திரத்தின் உள்பக்கக் கோட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறீர்கள். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மனம் மட்டும் ஓர் அடி பின்வாங்கிவிட்டது. இது வேரி.

ஆக, கேர்ஃபுல் கையில் இருக்கிறது, காஷஸ் கணக்கில் இருக்கிறது, வேரி கண்ணில் இருக்கிறது. வேரி என்றால் எப்போதும் எதிரில் ஓர் ஆளோ பொருளோ யோசனையோ இருக்கும். கேர்ஃபுல்லுக்கு அது தேவையில்லை. தனியாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும்போது நீங்கள் கேர்ஃபுல்தான், வேரி ஆக முடியாது. ஊசி உங்களை ஏமாற்றப் போவதில்லையே.

இன்னும் ஒரு பங்காளியைச் சொல்ல வேண்டும். சஸ்பிஷஸ். இதில் குற்றச்சாட்டு கலந்திருக்கும். ‘ஏதோ தப்பு நடக்கிறது’ என்ற முடிவுக்குப் பாதி வழி போயாகிவிட்டது. போதாக்குறைக்கு இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். சந்தேகப்படுகிறவரையும் சஸ்பிஷஸ் என்பார்கள், சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறவரையும் அப்படியே சொல்வார்கள். வேரிக்கு அந்தக் குழப்பம் இல்லை. பார்க்கிறவர் மட்டுமே வேரி. ஒருவரை நேரிலேயே ‘யூ சீம் எ லிட்டில் வேரி’ என்று சொல்லலாம், ‘கொஞ்சம் யோசிக்கிறீங்க போலிருக்கே’ என்கிற தொனிதான். அதே இடத்தில் சஸ்பிஷஸ் என்று போட்டால் முகம் சுளிப்பார்.

லியரி, ச்சேரி, சர்கம்ஸ்பெக்ட் என்று இன்னும் சில உண்டு. லியரி பேச்சுவழக்கு. மற்ற இரண்டும் எழுத்து நடைக்குரியவை. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். இப்போதைக்கு அவற்றைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

வேரியோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைச் சொல் ஆஃப். இதைத் தனியாக நினைவில் வைப்பதைவிட ‘வேரி ஆஃப்’ என்று ஒரே சொல்லாகவே பழகிவிடுங்கள்.

ஷி இஸ் வேரி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ். முன்பின் தெரியாதவர்களோடு அவள் சட்டென்று ஒட்டமாட்டாள்.

நமக்கு ஆஃப் இயல்பாக வராததற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘அவனிடம் ஜாக்கிரதையாக இரு’ என்கிறோம். அந்த ‘இடம்’ மனதுக்குள் ‘வித்’ ஆக மாறி, ‘வேரி வித் ஹிம்’ என்று வந்துவிடுகிறது. கேர்ஃபுல்லோடு வித் வரும், ‘கேர்ஃபுல் வித் தி கிளாஸ்’ என்பது சரியான ஆங்கிலம். வேரிக்கு ஆஃப்தான். சில இடங்களில் அபௌட் வருவதையும் பார்ப்பீர்கள், குற்றமில்லை. ஆனால் ஆஃப் எங்கு போட்டாலும் நிற்கும்.

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக ஒரு செயலைச் சொல்ல வேண்டும் என்றால் வினையோடு ‘இங்’ சேர்க்க வேண்டும். ஐ ஆம் வேரி ஆஃப் லெண்டிங் மணி. பணம் கைமாற்றுக் கொடுப்பதென்றால் நான் யோசிப்பேன். இதை ‘வேரி டு லெண்ட்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கங்கே அச்சிலும் பார்க்கலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

முன்னால் என்ன வினை வரலாம்? ‘இஸ், வாஸ்’ எல்லாவற்றுக்கும் பொது. புதிதாக அந்த மனநிலை வந்தால் பிகேம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் குரூ. இன்னும் விலகவில்லை என்றால் ரிமெய்ன். ஏதோ ஒன்று நம்மை அப்படி ஆக்கியது என்றால் மேட். தி லோ பிரைஸ் மேட் மீ வேரி. விலை குறைவாக இருந்ததே எனக்கு உறுத்தியது. இந்த மேட் வாக்கியம் அலுவலகக் கடிதங்களுக்கு அருமையாகப் பொருந்தும். எதிராளி மேல் பழி போடாமல் காரணத்தின் மேல் போட்டுவிடலாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாகவும் வரும். எ வேரி லுக், எ வேரி ஸ்மைல். கண்ணோடு சேர்ந்து ஒரு நிலைத்த தொடரே இருக்கிறது. கீப் எ வேரி ஐ ஆன். ஒரு கண் வைத்துக்கொள்வது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஷி கெப்ட் எ வேரி ஐ ஆன் தி டாக் என்றால், பேச்சு எங்கோ நடந்தாலும் கண் நாய் மேலேயே இருந்தது.

வினையைத் தழுவி வர வேண்டுமென்றால் வேரிலி. ‘ஹி ஓபண்ட் தி டோர் வேரிலி’ என்றால் கதவைச் சங்கிலியோடு இரண்டங்குலம் திறந்து எட்டிப் பார்த்தார் என்று வாசகருக்கே படம் ஓடிவிடும். ‘டிரைவ் வேரி’ என்று பெயரடையை அப்படியே ஒட்டக்கூடாது. டிரைவ் வேரிலி என்பதும் இலக்கணப்படி சரி என்றாலும் யாரும் சொல்வதில்லை. வண்டிக்கு கேர்ஃபுலிதான். மனநிலையின் பெயர் வேரினெஸ். அளவு கூட்ட வேரியர் என்றோ மோர் வேரி என்றோ எழுதலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரக் கூச்சலுக்கு இந்தச் சொல் உதவாது. குழந்தை தெருவில் இறங்குகிறது, பைக் வருகிறது என்றால் நாம் ‘பார்த்து!’ என்று கத்துவோம். அங்கே ‘கேர்ஃபுல்’ அல்லது ‘வாட்ச் அவுட்’. ‘பி வேரி’ என்று கத்தினால் பைக் போய் அரை மணி நேரம் ஆன பிறகும் குழந்தை யோசித்துக்கொண்டிருக்கும். பி வேரி ஆஃப் என்பது நிதானமான எழுத்து அறிவுரை. வங்கியின் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்கும் அழைப்புகளைப் பற்றி எழுதும்போது ‘பி வேரி ஆஃப் காலர்ஸ் ஹூ ஆஸ்க் ஃபார் யுவர் ஓடிபி’ என்பது கனகச்சிதம்.

நான் விழுந்த குழி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். தீபாவளிக்கு முன்பாகவே வேலையை முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். தேதியை மாற்றுவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு என்று நயமாகச் சொல்ல நினைத்தேன். எழுதியது ‘வீ ஆர் வியரி ஆஃப் சேஞ்சிங் தி டேட்’. ஓர் ‘இ’ கூடுதலாகப் போய்விட்டது.

வியரி என்றால் களைத்த, சலித்துப்போன. நான் எழுதியதன் பொருள் ‘தேதியை மாற்றி மாற்றி எங்களுக்கு அலுத்துவிட்டது’. இதில் கொடுமை என்னவென்றால் அவர் அதற்கு முன் இரண்டு தடவை தேதியை மாற்றியிருந்தார். வாக்கியம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மறுநாள் காலையில் நீளமான மன்னிப்புக் கடிதம் வந்தது. விளக்கம் சொல்வதா, வந்த மன்னிப்பை வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் பழைய தேதியையே உறுதி செய்து முடித்துக்கொண்டேன்.

இந்தப் பிழை நமக்கு மட்டுமானதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி செய்வதுதான். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடக்கூடும். இரண்டுக்கும் ஆஃப்தான் துணை. ஒலியில் வேறுபாடு உண்டு, வியரியில் ‘விய’ என்று இழுபடும். எழுதும்போதுதான் கை தவறும்.

நான் அதற்குப் பிறகு கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. வியரியின் நடுவில் இ, ஏ, ஆர் என்று காதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தால் வியரி. வேரியில் காது கிடையாது. அதில் இருப்பது டபிள்யூ, ஏ, ஆர். எச்சரிப்பதைக் குறிக்கும் வார்ன், அறிந்திருப்பதைக் குறிக்கும் அவேர், பிவேர் எல்லாவற்றிலும் அதே மூன்று எழுத்து இதே வரிசையில் இருக்கும்.

நாய்கள் ஜாக்கிரதை

அந்த மூன்று எழுத்து தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் விழிப்பாக இருக்கிற என்ற பொருளில் ‘வேர்’ என்று ஒரு பெயரடை இருந்தது. ‘பி வேர்’ என்று இரண்டு சொல்லாகச் சொன்னது ஒட்டிப்போய் பிவேர் ஆனது. அதே வேர் என்ற சொல்லின் வாலில் ஒரு ‘ஒய்’ சேர்ந்து பின்னாளில் வேரி வந்தது. கவனித்துப் பார்ப்பது என்ற இதே தொல்மூலத்திலிருந்து கிளைத்தவைதான் விடுதி வார்டனும், வாசலில் நிற்கும் கார்டும். விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

காஷஸ் வந்த வழி வேறு. அது லத்தீன். இத்தாலியில், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்து வீடு ஒன்றின் வாசல் தரையில் சங்கிலி கட்டிய கறுப்பு நாயைச் சின்னக் கல்துண்டுகளால் பதித்திருக்கிறார்கள். கீழே ‘காவே கானெம்’ என்று எழுத்து. நம் ஊர் இரும்புக் கேட்டில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’யேதான், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷப் பழசு. அந்தக் காவே என்ற வினையின் வழியில்தான் ஆங்கிலத்துக்குக் காஷன் வந்தது, காஷஸும் வந்தது. நம் ஜாக்கிரதை விழித்திருப்பது என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல். உஷார் பாரசீகத்திலிருந்து வந்தது. உஷாராக இருப்பதற்கான சொல்லைக்கூடப் பல ஊர்க்காரர்கள் யாரிடமாவது கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கதை ஒருபுறம் இருக்கட்டும், இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. பிவேர் ஒரு நொண்டி வினை. அதற்கு இறந்தகாலம் கிடையாது. ‘பிவேர்டு’ என்றோ ‘பிவேரிங்’ என்றோ இன்றைய ஆங்கிலத்தில் எழுத முடியாது. பலகையில் கட்டளையாகப் போடலாம், ‘யூ மஸ்ட் பிவேர்’ என்பது போலச் சில துணைவினைகளுக்குப் பின்னால் வைக்கலாம், அதோடு சரி. நேற்று அந்த வீட்டு நாயிடம் நான் ஜாக்கிரதையாக இருந்தேன் என்று சொல்ல வேண்டுமா? ‘ஐ வாஸ் வேரி ஆஃப் தி டாக்’. பிவேர் நடக்க முடியாத இடத்துக்கெல்லாம் வேரி போகும்.

எதிர்ச்சொல் அன்வேரி. இதைத் தனியாகப் பார்ப்பதைவிட ‘தி அன்வேரி’ என்று கூட்டமாகப் பார்ப்பதே அதிகம். அசந்திருப்பவர்கள் என்று பொருள். ஒப்பந்தங்களைப் பற்றி எழுதும் வழக்கறிஞர்கள் ‘எ டிராப் ஃபார் தி அன்வேரி’ என்பார்கள். பொடி எழுத்தில் பதினேழாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனை மாதிரி, அசந்தவர்களுக்கு வைத்த பொறி. தெரியாமல் இருப்பதைக் குறிக்கும் அன்அவேரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காதில் விழும்போது என்ன பொருள்?

இந்தப் பகுதிதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியம். இலக்கணப் புத்தகத்தில் பெரும்பாலும் கிடைக்காது.

ஆங்கிலம் பேசுகிறவர்கள், அதிலும் பிரிட்டிஷ் பாணியில் பேசுகிறவர்கள், ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். அதற்கு வேரி ஒரு நல்ல போர்வை. நீங்கள் ஓர் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறீர்கள். அவர் ‘ஐ வுட் பி எ லிட்டில் வேரி ஆஃப் சைனிங் திஸ்’ என்கிறார். சொல்லுக்குச் சொல் எடுத்தால், ‘நானாக இருந்தால் இதில் கையெழுத்துப் போடக் கொஞ்சம் யோசிப்பேன்’. உண்மையில் அவர் சொல்வது, போடாதீர்கள். ‘எ லிட்டில்’, ‘எ பிட்’ எல்லாம் மரியாதைக்குத் தூவிய சர்க்கரை. அந்தக் கொஞ்சத்தை நம்பி ‘பெரிசா ஒன்றும் பயப்பட வேண்டாம் போல’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

இதையே நீங்களும் பயன்படுத்தலாம். மேலாளர் ஒரு யோசனை சொல்கிறார், உங்களுக்குச் சரிப்படவில்லை. ‘நோ’ என்று சொல்ல வாய் வராது, ‘எஸ்’ சொன்னால் வேலை உங்கள் தலையில். ‘ஐ வுட் பி வேரி ஆஃப் லாஞ்சிங் ஆன் எ ஃப்ரைடே’ என்று ஆரம்பித்து ஒரு காரணத்தையும் சேர்த்துவிட்டால் மறுப்பு பதிவாகிவிடும், யாருக்கும் வலிக்காது. காரணம் சேர்க்காமல் விட்டால் வெறும் தயக்கமாகத் தெரியும், அது உங்கள் மேல் விழும்.

முன்னால் வரும் வினையடைகளையும் கவனியுங்கள். ரைட்லி வேரி என்றால் எழுதுகிறவர் அந்தத் தயக்கத்தை நியாயம் என்கிறார். அண்டர்ஸ்டாண்டபிளி வேரி என்றால் பாவம், அவர் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் என்று பரிந்து பேசுகிறார். இன்க்ரீசிங்லி வேரி என்று வந்தால் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எழுதியவர் யார் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் ‘எச்சரிக்கையான’ என்ற சொல்லைக் கூடிய மட்டும் தொடாமல் இருந்தாலே பாதி வெற்றி. வேரி ஒரு பெயரடையாக இருக்கலாம், ஆனால் தமிழ் இந்த மனநிலையைப் பெரும்பாலும் வினையால்தான் சொல்லும்.

பட்ஜெட்டுக்கு முன் இன்வெஸ்டர்ஸ் வேரி என்று ஒரு தலைப்பு வந்தால், ‘எச்சரிக்கையான முதலீட்டாளர்கள்’ என்பது செத்த தமிழ். ‘முதலீட்டாளர்கள் தயக்கம்’ என்று போட்டால் முடிந்தது. எ வேரி ஆன்சர் என்பது ‘பிடிகொடுக்காத பதில்’. எ வேரி ஸ்மைல் என்று கதையில் வந்தால் ‘பட்டும் படாமல் சிரித்தார்’. ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி அதே ஆளிடம் நடந்துகொள்வதைச் சொல்லும் வேரி என்றால் சூடுபட்ட பூனையை அழைத்து வரலாம். குழந்தைகளையோ விலங்குகளையோ பற்றி வந்தால் ‘ஒட்டாமல்’, ‘கிட்டே வராமல்’. ‘மிரண்ட’ என்று எழுதத் தோன்றும், வேண்டாம், அது பயத்துக்குப் போய்விடும். நம் காகம் மிரளவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பயிற்சி

இனி நீங்களே செய்து பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கேர்ஃபுல், காஷஸ், வேரி, வியரி நான்கில் எது என்று முதலில் மனதுக்குள் சொல்லிவிட்டு, அப்புறம் விடையைப் படியுங்கள்.

பாட்டி ஊறுகாய் ஜாடியைத் துடைத்துப் பரண் மேல் வைக்கிறாள். கேர்ஃபுல். ஜாடியின் நோக்கத்தைப் பற்றிப் பாட்டிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

‘தேறிக்கொண்டு வருகிறார், ஆனால் ரெண்டு நாள் போகட்டும்’ என்கிறார் மருத்துவர். காஷஸ். இதற்கென்றே காஷஸ்லி ஆப்டிமிஸ்டிக் என்று ஒரு தொடர் தயாராக இருக்கிறது. வேரி என்று நினைத்தவர்கள் யோசித்துப் பாருங்கள், மருத்துவர் இங்கே யாரையும் நம்ப மறுக்கவில்லை, முடிவு சொல்வதைத்தான் தள்ளிப்போடுகிறார்.

ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவர் முறை வரும்போது ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். வியரி. கோபத்துக்கு வேறு சொற்கள் உண்டு.

புது மாப்பிள்ளையிடம் மாமனார் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, ‘மாப்ளே, கையில எவ்வளவு நிக்குது மாசம்?’ என்று கேட்கிறார். ‘இருக்குங்க மாமா, ஏதோ போய்க்கிட்டிருக்கு’ என்கிறார் மாப்பிள்ளை. வேரி, சந்தேகமே இல்லாமல். எ வேரி ஆன்சர்.

கடைசியாக ஒன்று, இதை வாக்கியமாகவே எழுத வேண்டும். சென்னையில் வாடகை வீடு தேடுகிறீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் ஒரு வீட்டு உரிமையாளர் சாவியை நீட்டி, ‘அட்வான்ஸெல்லாம் எதுக்கு சார், நீங்க மொதல்ல குடி வாங்க’ என்கிறார். வீடும் நன்றாகத்தான் இருக்கிறது. நண்பருக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புங்கள். ‘ஹி டஸ் நாட் வாண்ட் எ டெபாசிட், அண்ட் தட் மேக்ஸ் மீ வேரி’ என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். ‘வேரி ஆஃப் ஹிம்’ என்று எழுதியவர்களுக்கும் உண்டு. ‘வியரி’ என்று எழுதியவர்கள் மேலே ‘நான் விழுந்த குழி’ பகுதிக்குப் போய்க் காதைப் பார்த்துவிட்டு வரவும்.